வசந்தாமணி பின்னால வந்த ஊடு

அந்த ஊடு எங்க வீதிக்கு நடந்து வந்தது ஒரு செவ்வாக்கெழமை. காத்தால பதினோரு மணி இருக்கும், ரெண்டாவது ஈடு மாவைக் கிரைண்டர்ல ஓட விட்டுட்டு உளுந்துத் தொலியைக் கொட்ட வாசலுக்கு வந்தவ என்ற ரெண்டு கண்ணால பாத்தேன், பச்சைப் பெயிண்ட் அடிச்ச மாடி ஊடு, நெத்தியில மயில் டைல்ஸ் ஒட்டுனது, கேட்டோட காம்பவுண்டுச் சொவரோட, மாடித் தொட்டித் தண்ணி தளும்பாம, பல்லடம் ரோட்டுல இருந்து திரும்பி, எங்க மூணாவது வீதிக்குள்ள நொழைஞ்சு, ஓரத்துல நிறுத்தியிருந்த வண்டி ஒண்ணையும் இடிக்காம, பூங்காவுக்குன்னு ஒதுக்கி முள்ளு மொளைச்சுக் கெடந்த ரிசர்வ் சைட்டுல போயி மெல்ல உக்காந்துச்சு. உக்காந்ததும் சன்னல் கதவுக ரெண்டு தடவை படபடன்னு அடிச்சு நின்னுச்சு, அவ்வளவுதான்.

வேற ஊரா இருந்தா அலறியடிச்சு ஓடியிருப்பாங்களோ என்னமோ. இது திருப்பூருங்க, பொழைக்க வந்தவங்க ஊரு. தேனிக்காரங்க வந்தாங்க, திருவாரூர்க்காரங்க வந்தாங்க, ஒடிசாக்காரங்க வந்தாங்க, வந்தவங்களுக்கெல்லாம் தண்ணி கொடுத்து எந்த ஊருன்னு கேட்ட வீதி இது, இப்ப ஊடே வந்திருக்குது, அதுக்கென்ன. மொதல்ல வாயைத் தொறந்தது கேபிள்காரர் பழனியப்பன்தான், வயரை அத்துப்போட்டுச்சுன்னு. ரெண்டாவது நான். "ஏனுங், சாக்கடை மேல உக்காந்திருக்குதுங்க, சித்த தள்ளி உக்காரச் சொல்லுங்க"ன்னேன். ஊடு தள்ளி உக்காந்துச்சு. அப்பவே எனக்கு அதைப் புடிச்சுப் போச்சு, சொன்ன பேச்சுக் கேக்கறது எங்க ஊட்டுல ஒண்ணுகூட இல்லை.

வாசக்கதவுல பேங்குக்காரங்க ஒட்டுன நோட்டீஸும், பூட்டு மேல அரக்கு சீலும் அப்படியே இருந்துச்சு. அந்த வாசக்கதவு நேரா பாத்துட்டிருந்தது வசந்தாமணியக்கா ஊட்டு வாசலை. அக்கா ஈரக் கையை முந்தானையில தொடைச்சுட்டே வந்து, அண்ணாந்து பாத்து, "அட கெரகமே, இது நாங்க கூட்டுன ஊடல்லோ!"ன்னு சொல்லிப்போட்டு வாய்ல கையை வெச்சுட்டாங்க.

அக்கா சோலி என்னன்னு சொல்லிடறேன். கடன் கட்ட முடியாமப் போனவங்க ஊட்டை பேங்குக்காரங்க பூட்டி எடுத்துக்கறாங்கல்ல, அதை ஏலம் விடற வரைக்கும் பாழாப் போகாம பாத்துக்கோணும். பூட்டு மாத்தோணும், குப்பை அள்ளோணும், ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில மொளைச்ச செடியை வெட்டோணும், ஒட்டடை அடிச்சுக் கழுவி விடோணும். இந்தப் பச்சை ஊடு ஒரு பனியன் கம்பெனிக்காரரோடது, பாவம், எக்ஸ்போர்ட்ல அடி வாங்கி தாராபுரம் பக்கம் வாடகைக்குப் போயிட்டாரு. பேங்கு ஊட்டைப் பாத்துக்கற வேலையை ஒரு பம்பாய்க் கம்பெனிக்குக் குடுக்கும், பம்பாய்க்காரன் சென்னைக் கம்பெனிக்குக் குடுப்பான், சென்னைக்காரன் கோயமுத்தூர் ஏஜென்சிக்குக் குடுப்பான், ஏஜென்சி சதாசிவம் அக்காவுக்குப் போன் பண்ணுவாரு. மேல இருந்து கீழ வர வர வேலை அப்படியே முழுசா வரும், காசு மட்டும் நடு வழியில எளைச்சுப் போகும்.

அக்காவுக்குக் கூட்டு, அவிய வீட்டுக்காரரோட தங்கச்சி பூங்கொடி. நாலாவது வீதியில இருக்கறவ. அண்ணன் பொண்டாட்டின்னு நங்கையா நங்கையான்னு அக்கா பின்னாலயே சுத்துவா, ரெண்டு பேரும் ஒரே ஸ்கூட்டர்ல வெளக்குமாறு, பினாயில், கொடுவாள், ஒரே தூக்குப்போசியில சோறுன்னு கெளம்புனா ஏதோ நோம்பிக்குப் போறவங்களாட்டம் சிரிச்சுட்டுத்தான் போவாங்க. பச்சை ஊட்டுல நாலு நாள் வேலை. பூட்டு அக்கா காசு, செடி வெட்டற மிசினுக்குப் பெட்ரோல் அக்கா காசு, குப்பை ஏத்துன வண்டி வாடகை அக்கா காசு. பேசுன ரேட்டு மூவாயிரத்து ஐந்நூறு. அந்த ரேட்டையும் அக்கா பேசலை, சதாசிவம்தான் பேசுனாரு, அக்கா சரின்னுட்டாங்க.

வேலையை விட போட்டோதான் பெரிய வேலை. கூட்டறதுக்கு முன்னால ஒண்ணு, கூட்டறப்ப ஒண்ணு, கூட்டுனதுக்குப் பொறவு ஒண்ணுன்னு எழுபத்திரெண்டு போட்டோ, ஒவ்வொண்ணுலயும் தேதியும் எடமும் விழுந்திருக்கோணும். அக்கா அத்தனையும் எடுத்தாங்க. ஆனா அக்காகிட்ட ஒரு பழக்கம். வெறும் ஊட்டைப் பூட்டக் கூடாதுன்னு எங்க பக்கத்துல சொல்றது உண்டு, ஒரு சொம்புத் தண்ணியும் ஒரு புடி உப்பும் சமையக்கட்டுல வெச்சுட்டுத்தான் பூட்டோணும், இல்லீனா மறுக்கா குடி வர்றவங்களுக்கு ஆகாது. எத்தனை ஊடு பூட்டுனாலும் அக்கா அதை வெப்பாங்க. இந்தத் தடவை வெச்சதுக்கப்புறம் சமையக்கட்டுப் போட்டோவை எடுத்துப்போட்டாங்க. சொம்பு பளிச்சுன்னு விழுந்திருச்சு. சென்னையில இருந்து பதில் வந்துச்சு, 'வீட்டுக்குள் பொருட்கள் உள்ளன, வேலை முடியவில்லை, பில் நிராகரிக்கப்பட்டது'ன்னு. ஒரு சொம்புக்காக நாலு நாள் பாடு மண்ணாப் போச்சு.

சதாசிவத்துக்குப் போன் போட்டா, "மேல இருந்து வந்தாத்தானுங்க்கா நான் கீழ தர முடியும்"பாரு. மேலன்னா எத்தனை மேலன்னு அக்காவுக்குத் தெரியாது. பூங்கொடிக்கு அதுவும் தெரியாது, அவளுக்குத் தெரிஞ்ச மேல, அக்கா ஒருத்திதான். ஒரு மாசம் பாத்தா, ரெண்டு மாசம் பாத்தா. அவ புருசன் வேற, "உங்க நங்கையா வாங்கி முழுங்கிட்டு உங்கிட்ட கதை சொல்றாங்க"ன்னு ஓதிட்டே இருந்திருக்கறான். ஒரு நாள் தண்ணிக் கொழாய்ல, இருவது பேரு குடத்தோட நிக்கறப்ப, பூங்கொடி கேட்டுப்போட்டா. "எங்கூலியத் தின்னு அந்த ஒடம்பு எத்தனை நாளைக்கு நங்கையா தாங்கும்? திருடிங்க நீங்க!" அக்கா தன்ற குடம் ரொம்புனதும் எடுத்துட்டு வந்துட்டாங்க. அன்னைக்கிருந்து அவிய ரெண்டு பேருக்கும் பேச்சில்லை. அக்கா தோட்டை அடகு வெச்சாவது குடுத்திரலாம்னு பாத்தாங்க, தோடு ஏற்கெனவே அந்தச் செடி வெட்டற மிசினை வாங்குனதுக்காக அடகுல இருந்துச்சு. பூங்கொடி பேசாதது அக்காவுக்குப் பட்டினி கெடக்கறதாட்டம் இருந்துச்சு. ஒரு நாள் மாவு வாங்க வந்தவங்க, "ஜோதி, காசு போனாப் போவுது, அந்தப் புள்ள மறுக்கா ஒருக்கா நங்கையான்னு கூப்புட்டாப் போதும்"னு சொல்லி என்ற கடை வாசல்லயே அழுதுட்டாங்க. எனக்கும் அழுவாச்சியா வந்துச்சு, ஆனா மாவு புளிச்சிருமேன்னு அடக்கிட்டேன்.

இப்படி இருக்கறப்பத்தான் ஊடு வந்துச்சு. எதுக்கு வந்துச்சுன்னு யாரும் யாரையும் கேக்கலை. தண்ணி காட்டுனவங்க பின்னால மாடு வராதா, அப்படின்னு நெனைச்சுட்டோம். கூலி நிக்குது, ஊடு வந்து நிக்குது.

ஒரு வாரத்துல அது எங்க ஊடாவே ஆயிப்போச்சு. மாடிக்கு வெளிப்படி இருந்ததுனால பொம்பளைங்க மொளகாயும் வடகமும் கொண்டு போயிக் காயப் போட்டோம், ஊடு வெய்யிலுக்குத் தக்கன சித்த சித்தத் திரும்பிக் குடுத்துச்சு. பீஸ் அடுக்கற பொம்பளைங்க அதன் நெழல்ல உக்காந்து பனியன் பிசிறு வெட்டுனாங்க. கரண்டு ஆபீஸ்காரர் வந்து மீட்டரைப் பாத்துட்டு, "இது வேற செக்சன் நம்பருங்களே"ன்னு தலையைச் சொறிஞ்சு, நோட்டுல 'கதவு பூட்டப்பட்டுள்ளது'ன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. கோயில் பூசாரி தானா வந்து ஊட்டுக்கு எலுமிச்சம்பழம் கட்டி, புதுசா குடி வந்தவங்கங்கற கணக்குல ஆடி நோம்பிக்கு வரி கேட்டாரு. போட்டோ எடுக்கப் போனா மட்டும் அது வெக்கப்பட்டுச்சு, போனைத் தூக்குனா போதும், மயில் டைல்ஸ் செவந்து போயிரும். எழுபத்திரெண்டு போட்டோ புடிச்சா யாருக்குத்தான் கூசாது!

உள்ள மட்டும் ஒருத்தரும் போகலை. அக்கா விடலை. "சீல் வெச்சது சீல் வெச்சதுதானுங்க, அடுத்தவிய சொத்து"ன்னு கறாராச் சொல்லிப்போட்டாங்க. ஆனா தெனமும் காத்தால தன்ற வாசலைக் கூட்டறப்ப அதோட வாசலையும் கூட்டித் தண்ணி தெளிச்சுக் கோலம் போட்டாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும். "ஏனுங்க்கா, வாங்காத கூலிக்கு மேல வேற வேலையா? இதுக்கும் ஒரு பில்லு போடுங்க!"ம்பேன். "அது என்ன ஜோதி பண்ணும், நம்மள நம்பி வந்திருக்குது"ன்னு சொல்லிட்டு, சொவத்தைத் தட்டிக் குடுத்துட்டுப் போவாங்க. கூறு கெட்ட மனுசி. இப்படி ஒரு கூறு கெட்டவங்க வீதிக்கு ஒருத்தர் இருக்கறதுனாலதான் மழை பெய்யுது.

ஏலத்துக்கு ஊட்டைப் பாக்கப் போனவங்க பழைய எடத்துல என்னத்தைப் பாத்திருப்பாங்க, நாலு அடி பள்ளமும் நீட்டிட்டு நின்ன ரெண்டு தண்ணிக் கொழாயும்தான். பேங்கு பம்பாயைக் கேட்டுச்சு, பம்பாய் சென்னையைக் கேட்டுச்சு, சென்னை கோயமுத்தூரைக் கேட்டுச்சு, சதாசிவம் அக்காவைக் கூப்புட்டாரு. "ஏனுங்க்கா, ஊட்டைக் காணமாமுங்க. உங்க பேர்ல பிடித்தம் போட்டுட்டாங்க"ன்னாரு. "ஊடு எங்க வீதியில இருக்குதுங்"ன்னாங்க அக்கா. சதாசிவம் போனை வெச்சுட்டாரு. மறுநாள் அக்கா போனுக்கு ஒரு வேலை ஆர்டர் வந்துச்சு, நானே படிச்சுக் காட்டுனேன்: 'இடம் மாறிய வீட்டைப் பழைய இடத்தில் வைத்தல், ரூபாய் ஆயிரத்து எண்ணூறு, படங்கள் இருபத்து நாலு.' சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் பொரை ஏறிடுச்சு. அக்கா மட்டும் சிரிக்காம, "வண்டி வாடகை இதுலயே அடங்கிருமா?"ன்னு கேட்டாங்க. அடிக்கலாமான்னு இருந்துச்சு.

ஊடு அசையறதாக் காணோம். சதாசிவம் கிரேன் கொண்டு வந்தாரு, கிரேன் சங்கிலிதான் அந்துச்சு. வெள்ளிக்கெழமை ஏலங்கறப்ப புதன்கெழமை மத்தியானம் அத்தனை பேரும் நேர்லயே வந்து எறங்குனாங்க. பேங்குல இருந்து கண்ணாடி போட்ட மேடம், பம்பாய்க்காரரு, சென்னைக்காரரு, சதாசிவம், நாலு பேரும் என்ற மாவுக்கடை பெஞ்சுல வரிசையா உக்காந்தாங்க. ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் அன்னைக்குத்தான் பாக்கறாங்களாமா! பம்பாய்க்காரர் இந்தி பேசுனதை எதுத்த ஊட்டு ஒடிசாக்காரம்மா மினத்தி தமிழ்ல சொல்லுச்சு. கூட்டம் சேந்துருச்சு. நாலாவது வீதியில இருந்தும் வந்தாங்க, பூங்கொடியும் கொழாய்கிட்ட மொகத்தைத் திருப்பிட்டு நின்னுட்டிருந்தா.

மேடம் அக்காவைப் பாத்து, "இந்த வீட்டு வேலைக்குத்தான் பதினெட்டாயிரம் பங்குனியிலேயே குடுத்துட்டோமேம்மா, அப்புறம் என்ன பிரச்சினை?"ன்னாங்க.

 அக்கா மெதுவா, "எவ்வளவுங்?"ன்னாங்க.

"பதினெட்டாயிரம். போட்டோவெல்லாம் நல்லா இருந்துச்சே. சமையக்கட்டுல சொம்பு வெச்சிருந்தது யாரு? எங்க ஆபீஸ்ல எல்லாரும் அதைப் பாத்து, பரவால்லையே, அக்கறையாப் பண்ணியிருக்காங்கன்னு பேசிக்கிட்டோம்."

நான் சென்னைக்காரரைப் பாத்தேன், சென்னைக்காரர் பம்பாய்க்காரரைப் பாத்தாரு, சதாசிவம் தன்ற செருப்பைப் பாத்தாரு. எந்தப் போட்டோவைக் காட்டி ஆகாதுன்னு தள்ளுனாங்களோ அதையே காட்டிக் காசு வாங்கியிருக்காங்க! எனக்கு வந்த கோவத்துக்கு மாவுக் கரண்டி கையில இருந்துச்சு, மேடம் இருந்தாங்கன்னு சும்மா விட்டேன். கொழாய்ப் பக்கம் திரும்பிப் பாத்தா, பூங்கொடியைக் காணோம்.

சென்னைக்காரர் வேர்த்து விறுவிறுத்து, "சரி சரி, பேசுன மூவாயிரத்து ஐந்நூறை இப்பவே போட்டுடறோம்"னாரு. ஊடு அசையலை. நாலாயிரம்னாரு, அஞ்சாயிரம்னாரு, மாட்டுச் சந்தையாட்டம் ஏத்திட்டே போனாரு, ஒரு செங்கல்லு அசையலை. மேடம்தான் அவரைக் கையமர்த்தி, "ஏம்மா, நீங்க சொல்லுங்க, உங்க ரேட்டு எவ்வளவு?"ன்னு கேட்டாங்க.

அக்கா முழிச்சாங்க. பதினாலு வருசமா இந்த வேலை செய்யற மனுசியை அது நாள் வரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ரேட்டு சொல்லறது எப்பவும் அவங்க, தலையாட்டறது எப்பவும் அக்கா. வெரலை மடக்கி மடக்கி, பூட்டு, பெட்ரோல், வண்டி, ரெண்டு ஆளு நாலு நாளுன்னு முணுமுணுத்துக் கூட்டி, பெரிய தப்புப் பண்றவங்களாட்டம், "ஒம்பதாயிரத்து நானூறுங்"ன்னாங்க. ஊடு மூச்சு விட்ட மாதிரி சன்னலெல்லாம் ஒட்டுக்காத் தொறந்துச்சு.

போட்டாங்க. அந்த நிமிசமே, என்ற கண்ணு முன்னால, அக்கா போன் டிங்குன்னு அடிச்சுச்சு. வீதியே கை தட்டுச்சு. ஊடு எந்திரிக்கும்னு எல்லாரும் வழி விட்டு நின்னோம், புள்ளைங்களை ஓரமாப் புடிச்சுட்டோம், மாடியில இருந்த வடகத்தைக்கூட எடுத்தாச்சு. எந்திரிக்கலை. பம்பாய்க்காரர் தலையில கை வெச்சு இந்தியில என்னமோ சொன்னாரு, மினத்தி அதை மட்டும் தமிழ்ல சொல்லலை.

அக்காதான் மொதல்ல கண்டுபுடிச்சாங்க. "ஜோதி, கூலியில பாதி அவளுதல்லோ"ன்னாங்க. பேங்கு மெசினுக்கு ஸ்கூட்டர்ல போயி நோட்டா எடுத்தாந்தாங்க, பூங்கொடி பங்கு நாலு நாள் கூலியை முந்தானையில முடிஞ்சுட்டு நாலாவது வீதியைப் பாக்க நடந்தாங்க. பின்னாலயே ஊடு எந்திரிச்சுச்சு. நாலாவது வீதி குறுகலுங்க, ஆட்டோவே ஒதுங்கித்தான் போகோணும், ஊடு காம்பவுண்டுச் சொவரைச் சேலைக் கொசுவமாட்டம் ஒடுக்கிப் புடிச்சுட்டு, மூச்சை அடக்கி, அக்கா பின்னாலயே போச்சு. அதுக்குப் பின்னால நாங்க. எங்களுக்குப் பின்னால பேங்கு.

பூங்கொடி வாசலுக்கு வந்ததும் பச்சை ஊடு ஓரமா ஒதுங்கி எங்களை முன்னால விட்டுச்சு. பூங்கொடி ஊட்டுக் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. அக்கா தட்டுனாங்க. "கண்ணு, பூங்கொடி, கூலி வந்துருச்சு. கதவைத் தொற."

மறுக்கா தட்டுனாங்க.

"கண்ணு."

உள்ள இருந்து அழுகைதான் வந்துச்சு, அப்புறம் பேச்சு. "போயிருங்க. எனக்கு வேண்டாம். என்ற மூஞ்சியில முழிக்காதீங்க. அத்தனை பேரு முன்னால உங்களைத் திருடின்னு சொல்லிப்போட்டேன்."

அக்கா முந்தானை முடிச்சைக் கையில கெட்டியாப் புடிச்சுட்டுக் கதவுல நெத்தியை வெச்சுட்டாங்க. 

"திருடின்னே கூப்புடு சாமி. ஆனா கூப்புடு."

 பம்பாய்க்காரர் மினத்தியைப் பாத்தாரு, மினத்தி அழுதுட்டு இருந்ததுனால அவருக்கு யாரும் சொல்லலை, அவருக்கே வெளங்கியிருக்கும் போல, கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. உள்ள தாழ்ப்பாள் நகர்ற சத்தம் கேட்டுச்சு. கதவு ஒரு சாண் தொறந்துச்சு. அப்புறம் முழுசாத் தொறந்துச்சு. பூங்கொடி தலையெல்லாம் கலைஞ்சு, கண்ணு வீங்கி, வாசப்படியில நின்னு, அக்காவை ஏறெடுத்துப் பாக்க முடியாம, கீழயே பாத்துட்டு, "திருட்டு நங்கையா"ன்னா. சொல்லிட்டு அழுதுட்டே சிரிச்சா. "மணி மூணாச்சு. சோறு தின்னீங்களா இல்லையா?"

"இல்லை"ன்னாங்க அக்கா.

பூங்கொடி கையைப் புடிச்சு உள்ள இழுத்துட்டுப் போனா.

அந்த ஊடு எப்பக் கெளம்புச்சு, எந்த வழியாத் திரும்பிப் போச்சு, போறப்ப எங்களைத் திரும்பிப் பாத்துச்சான்னெல்லாம் பொறவு எத்தனையோ பேரு வந்து எங்ககிட்டக் கேட்டாங்க. ஒருத்தருக்கும் தெரியாதுங்க. மாடி ஊடு ஒண்ணு எங்க முதுகுக்குப் பின்னால எந்திரிச்சு நடந்து போயிருக்குது, நாங்க அத்தனை பேரும் அந்தக் கதவைத்தான் பாத்துட்டு நின்னுட்டிருந்தோம்.